திருடன் வெட்டலாம், சர்க்கார் விற்கலாம்

ஆந்திராவில் திருப்பதியை ஒட்டிய சேஷாசலம் காட்டில் ஒரு சட்டம் இருக்கிறது. மூன்றே வரி. காட்டில் நிற்கும் செம்மரத்தை அரசு வெட்டி விற்கக் கூடாது. திருடன் வெட்டினால் அரசு பிடிக்கலாம். பிடித்ததை அரசு விற்கலாம்.

எந்த அரசிதழிலும் இதை இந்த வரிசையில் அச்சடித்ததில்லை. அச்சடித்தால் பள்ளிக்கூடப் பையன்கூடக் கேட்டுவிடுவான்: அப்படியானால் திருடன் யாரிடம் வேலை பார்க்கிறான்?

ராத்திரி முழுக்கக் கணினி முன்னால் கண் சிவக்க உட்கார்ந்திருக்கும் பையனைக் கேளுங்கள். ‘ரஸ்ட்’ என்று ஓர் ஆட்டம் சொல்வான். ஃபேஸ்பன்ச் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் 2013 டிசம்பர் 11 அன்று சந்தையில் விட்டது. ஒரே தீவில் நூற்றுக்கணக்கானோர் மோதிக்கொள்ளும் ஆட்டம். ஆட்டக்காரன் உடுதுணி இல்லாமல் கண் விழிப்பான். கையில் ஒரு கல், ஒரு தீப்பந்தம். பிறகு மரம் வெட்ட வேண்டும், கொள்ளையடிக்க வேண்டும், பதுக்க வேண்டும். கொள்ளையில் வந்த உதிரிப் பொருட்களை ‘ரீசைக்கிளர்’ என்ற இயந்திரத்தில் போட்டால் பிரித்து ஸ்கிராப்பாகத் துப்பும். சேதாரம் நிறைய. ஆனால் அந்தத் தீவில் ஸ்கிராப்தான் பணம். இயந்திரத்துக்கு ஒரு நல்ல குணம். யாரைக் கொன்று எடுத்து வந்தாய் என்று அது கேட்பதே இல்லை.

பிள்ளை கெட்டுப்போகிறானே என்று பெற்றோர் பதறுகிறார்கள். பதற வேண்டாம். அவன் பொதுநிதி நிர்வாகம் படித்துக்கொண்டிருக்கிறான். திருப்பதி மாவட்டத்தில் அதற்கு நல்ல எதிர்காலம் உண்டு.

செம்மரத்துக்கு வாசனை கிடையாது. சந்தனத்துக்கு இது உறவே இல்லை. ஆனாலும் தெலுங்கில் ‘எர்ரசந்தனம்’ என்பார்கள். கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில், சித்தூர், திருப்பதி, கடப்பா, நெல்லூர் பக்கத்து மலைகளில் தானாக முளைக்கும். உலகத்தில் இதற்கு வேறு காடு இல்லை. வைரம் பாய்ந்து நடுக்கட்டை சிவக்கப் பல பத்தாண்டுகள் ஆகும். வெட்ட ஒரு ராத்திரி போதும். ஜப்பானில் ஷாமிசென் என்ற நரம்பு வாத்தியத்தின் கழுத்துக்கு இந்தக் கட்டைதான் உசத்தி. சீனாவில் பழைய அரண்மனைப் பாணி நாற்காலிக்கும் அலமாரிக்கும் இதன்மேல் தீராத மோகம். இந்த ரக மரச் சாமான்களுக்கென்றே பெய்ஜிங்கில் 1999 முதல் தனி அருங்காட்சியகம் இருக்கிறது.

1995 முதல் அருகிவரும் உயிரினங்களுக்கான சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இந்த மரம் இருக்கிறது. காட்டில் வெட்டியதை ஏற்றுமதி செய்ய இந்தியாவில் தடை. நல்ல தடை. தடை வந்ததும் விலை ஏறியது. விலை ஏறியதும் திருட்டு ஏறியது. திருட்டு ஏறியதும் பறிமுதல் ஏறியது. பறிமுதல் ஏறியதும் கிடங்கு நிரம்பியது. கிடங்கு நிரம்பினால் காவல் வேண்டும். காவலுக்குச் சம்பளம் வேண்டும். சம்பளத்துக்குப் பணம் வேண்டும். பணத்துக்கு?

வந்தது ரீசைக்கிளர்.

2013 அக்டோபரில் மத்திய அரசின் வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகம் ஆந்திராவுக்கு ஒரு சலுகை தந்தது. பறிமுதல் செய்து வைத்திருக்கும் செம்மரத்தில் 8,584 டன்னைக் கட்டையாகவே ஏற்றுமதி செய்துகொள்ளலாம். பத்து டன் லாரியில் ஏற்றினால் எண்ணூற்றைம்பது லாரிக்கு மேல் வரும். பிடிபட்டதே இவ்வளவு. பிடிபடாதது எவ்வளவு என்று கேட்டால் நம்மைத்தான் முறைப்பார்கள். சலுகைக்கு ஒரு காலக்கெடு வைத்தார்கள். கெடு முடிந்ததும் நீட்டினார்கள். அது முடிந்ததும் மறுபடி நீட்டினார்கள். தடைக்கு ஆயுள் கெட்டி. தடைக்கு விதிவிலக்கின் ஆயுள் அதைவிடக் கெட்டி.

2014 ஜூனில் மாநிலம் இரண்டானது. தலைநகர் தெலங்கானாவுக்குப் போனது. கஜானா காலி. விவசாயிகளின் கடனைத் தள்ளுபடி செய்வதாகத் தேர்தலில் வாக்குக் கொடுத்தாகிவிட்டது. பணம் எங்கே என்று கேட்டார்கள். செம்மரத்தை விற்றால் வரும் என்று பதில் வந்தது. இதைச் சொல்லிவிட்டு எப்படிச் சிரிக்காமல் இருந்தார்கள் என்பதுதான் அதிசயம். ஓர் அரசின் தேர்தல் வாக்குறுதிக்குத் திருடர்களின் உழைப்பு ஈடு. திருடன் அந்த வருஷம் ஒழுங்காக வேலைக்குப் போகாமல் இருந்திருந்தால், விவசாயியின் நகை வங்கியிலேயே கிடந்திருக்கும்.

ஏலம் நடந்தது. முதல் சுற்றிலேயே தொள்ளாயிரம் கோடி ரூபாய்க்கு மேல். முதல் தரக் கட்டை டன் ஒன்று கோடி ரூபாயைத் தாண்டியது. மின்-ஏலம் நடத்திக்கொடுத்த மத்தியப் பொதுத்துறை நிறுவனத்தின் பெயர் எம்.எஸ்.டி.சி. 1964-இல் தொடங்கியபோது அதன் முழுப்பெயர் மெட்டல் ஸ்கிராப் டிரேட் கார்ப்பரேஷன். கொள்ளைப் பொருள் உள்ளே போனால் ஸ்கிராப் வெளியே வரும் என்று வீடியோ கேமில் எழுதியவன் கற்பனை செய்தான். நம்மவர்கள் ஐம்பது வருஷம் முன்னாலேயே கம்பெனியாகப் பதிவு செய்துவிட்டார்கள்.

திருப்பதிக்கு ஏலம் புதிதில்லை. மேலே திருமலையில் பக்தர்கள் இறக்கும் முடியும் மின்-ஏலத்தில்தான் கோடிக்கணக்கில் போகிறது. மலைமேல் முடி, மலையடியில் மரம். முடியாவது கொடுப்பவன் மனமொப்பிக் கொடுத்தது.

செம்மர ஏலத்தில் பெரிய அளவில் கட்டை எடுத்தவர்களில் யோகா குரு ராம்தேவின் பதஞ்சலியும் ஒன்று. 2018 தொடக்கத்தில் சீனாவுக்குப் போகவிருந்த அவர்களுடைய சுமையை வருவாய்ப் புலனாய்வுத் துறை துறைமுகத்தில் நிறுத்திவைத்தது. அனுமதித்த தரத்தைவிட உயர்ந்த தரக் கட்டையோ என்பது துறையின் சந்தேகம். ஏலத்தில் வாங்கியது, எல்லாம் சட்டப்படி என்றது நிறுவனம். சட்டப்படிதான் இருக்கட்டும். சுதேசி பேசும் நிறுவனம் சீன நாற்காலிக்குக் கட்டை அனுப்புவது எந்த ஆசனத்தில் சேரும் என்று மட்டும் யாராவது சொன்னால் நன்றாக இருக்கும். மூச்சை உள்ளே இழு, கட்டையை வெளியே விடு.

இனி கோடரி பிடிக்கிறவனைப் பார்ப்போம்.

அவன் ஊர் ஜவ்வாது மலை. அல்லது கல்வராயன் மலை. மழை பொய்த்தால் சாமையும் இல்லை, கூலியும் இல்லை. அப்போது மேஸ்திரி வருவான். மேசன் வேலை என்பான், பெயிண்ட் வேலை என்பான். சில பேரிடம் உண்மையையே சொல்வான். முன்பணம் கொடுப்பான். அந்தப் பணத்தில் முதல் நாளே பழைய கடன் அடைந்துவிடும். அப்புறம் பஸ். ஆரணி, வேலூர், சித்தூர், திருப்பதி. அப்புறம் ராத்திரி நடை. அரிசி மூட்டையோடு காட்டுக்குள் நாட்கணக்கில் கிடந்து, கட்டையைத் தோளில் சுமந்து மலை இறங்க வேண்டும். கூலி கட்டையின் எடைக்கு. விழுந்து காலை முறித்துக்கொண்டால் அந்த எடைக்குக் கூலி இல்லை.

அவனுக்கு மேலே ஒரு ஏணி இருக்கிறது. மேஸ்திரி. மேஸ்திரிக்கு மேல் ஏஜெண்ட். சரக்கு வண்டிக்கு முன்னால் காரில் போய் செக்போஸ்ட் பார்த்துச் சொல்கிற ‘பைலட்’. கிடங்கு கொடுக்கிறவன். சென்னைத் தரகன். துறைமுகத்தில் காகிதம் தயாரிக்கிறவன். துபாயிலோ ஹாங்காங்கிலோ பணம் எண்ணுகிறவன். ஒவ்வொரு படிக்கும் விலை பெருகும். காவல்துறையின் துப்பாக்கிக்கு ஒரு குறை. அதன் குண்டு முதல் படிக்கு மேல் எட்டுவதில்லை.

2015 ஏப்ரல் 7. விடிகாலை. சந்திரகிரி பக்கம், ஸ்ரீவாரி மெட்டுக் காடு. ஸ்ரீநிவாச மங்காபுரத்திலிருந்து கோவிந்தா கோவிந்தா என்று பக்தர்கள் படியேறும் பாதைக்குப் பக்கத்துக் காடு. செம்மரக் கடத்தல் தடுப்புச் சிறப்புப் படை இருபது பேரைச் சுட்டுக் கொன்றது. ஓர் இடத்தில் ஒன்பது பேர். இன்னோர் இடத்தில் பதினொரு பேர். இருபது பேரும் தமிழ்நாட்டுக்காரர்கள்.

படை சொன்ன கதை எளிமையானது. கூட்டமாக வந்தார்கள். கல்லால் அடித்தார்கள், கோடரியும் அரிவாளும் வீசினார்கள். தற்காப்புக்குச் சுட்டோம். இரண்டு இடம். இரண்டு இடத்திலும் அதே கல். இரண்டு இடத்திலும் அதே தற்காப்பு. இருபது பிணம். காவலர் தரப்பில் ஓர் உயிர்கூடப் போகவில்லை. சந்தோஷம். யார் உயிரும் போக வேண்டாம் என்பதுதான் நம் கட்சியும். ஆனால் சண்டை என்றால் இரண்டு பக்கமும் அடிவாங்கும் என்று நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். இது சண்டை என்றால், நம் கிராமத்துக் கோழி தினமும் சண்டையில்தான் சாகிறது.

ரஸ்ட் ஆட்டத்திலும் ஆட்டக்காரன் கையில் கல்தான் இருக்கும் என்று சொன்னேன். கல் வைத்திருப்பவனைத் துப்பாக்கிக்காரன் சுட்டுத் தள்ளுவான். சுடப்பட்டவன் அரை நிமிஷத்தில் கடற்கரையில் மறுபடி எழுந்து உட்காருவான். கையில் புதுக் கல். செத்தவர்கள் சிலரின் ஊரான போளூர், கண்ணமங்கலம் பக்கம் அந்த வசதி இன்னும் வரவில்லை.

தப்பியவர்கள் வேறு கதை சொன்னார்கள். முந்தைய நாளே பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோனார்கள் என்றார்கள். பெண் பயணி ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் ஒருவரைப் போலீஸ் விட்டுவிட்டதாம். புருஷன் பெண்டாட்டி என்று நினைத்திருக்கலாம். ஒரு பஸ்ஸில் சாவுக்கும் பிழைப்புக்கும் இடையில் இருந்த தூரம் ஒரு சீட்டு. தேசிய மனித உரிமை ஆணையம் இதையெல்லாம் பதிவு செய்துகொண்டது.

அடுத்தது கட்டை. பிணங்களின் பக்கத்தில் செம்மரக் கட்டைகள் கிடந்தன. அதுதான் சாட்சி. படங்களைப் பார்த்த மனித உரிமைக் குழுவினர் ஒன்றைக் கவனித்தார்கள். சில கட்டைகள் அன்று வெட்டியவையாகத் தெரியவில்லை. பழையவை. சிலவற்றில் பெயிண்ட் அடையாளம். காட்டில் நிற்கும் மரத்துக்கு யாரும் பெயிண்டில் எண் போடுவதில்லை. எண் போடுகிற இடம் கிடங்கு. குழுவினரின் குற்றச்சாட்டு உண்மையென்றால், கொள்ளைப் பொருளின் மறுசுழற்சியில் இதுதான் சிகரம். ஒரு முறை பிடித்த கட்டை ஏலத்துக்கு ஆகும். ஏலத்துக்கு முன்னால் சாட்சிக்கும் ஆகும். பிணத்தின் பக்கத்தில் வைத்து எடுத்துக் கழுவினால் தரம் குறையாது. முதல் தரம் முதல் தரம்தான்.

பிறகு நடந்தது நமக்கு மனப்பாடம். அப்போதைய தமிழக முதல்வர் ஓ.பன்னீர்செல்வம் ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடுவுக்குக் கடிதம் எழுதினார். திருவண்ணாமலை மாவட்டத்தைச் சேர்ந்த ஆறு பேரின் உடலை எரிக்க மறுத்துக் குடும்பங்கள் நீதிமன்றம் போயின. ஆறு உடல்களுக்கும் மறு பிரேதப் பரிசோதனை நடந்தது. சந்திரகிரி காவல் நிலையத்தில் கொலை வழக்குப் பதிவானது. மனித உரிமை ஆணையம் சிபிஐ விசாரிக்கட்டும் என்றது, ஆளுக்கு 5 லட்சம் இடைக்கால நிவாரணம் கொடுக்கச் சொன்னது. ஆந்திர அரசு தன் போலீஸை விசாரிக்கத் தன் போலீஸிலேயே ஒரு சிறப்புக் குழு அமைத்தது. பத்து வருஷம் தாண்டிவிட்டது. சுட்டதற்காக எவரும் தண்டனை பெறவில்லை.

தமிழக அரசு குடும்பத்துக்கு 3 லட்சம் கொடுத்தது. இருபது குடும்பத்துக்கு 60 லட்சம். அந்த 60 லட்சத்தை எடுத்துக்கொண்டு அரசு ஏலத்துக்குப் போனால், முக்கால் டன் முதல் தரக் கட்டைகூடக் கிடைக்காது.

இதைப் படித்துவிட்டு, வனத்துறைக்காரன் உயிர் உயிரில்லையா என்று ஒருவர் கேட்பார். கேட்க வேண்டிய கேள்விதான். 2013 டிசம்பர் 15 அன்று அதே சேஷாசலத்தில் இரண்டு வன அதிகாரிகளை மரவெட்டிக் கும்பல் அடித்துக் கொன்றது. கொடூரமான சாவு. ரஸ்ட் ஆட்டம் சந்தைக்கு வந்து நான்காம் நாள். போதிய ஆயுதமும் ஆளும் இல்லாமல், கோடி ரூபாய் மரத்துக்குக் காவலாக அவர்களை அனுப்பியவர்கள் அன்று ராத்திரியும் மின்விசிறிக்குக் கீழேதான் தூங்கியிருப்பார்கள். அதன் பின்னர் நூற்றுக்கணக்கில் தமிழ்க் கூலிகளைப் பிடித்துச் சிறையில் அடைத்தார்கள். அவர்களை அனுப்பியவன் எவன் என்று தேடிப்போகவில்லை. வன அதிகாரியும் சரி, மரவெட்டியும் சரி, இரண்டு பேரும் ஒரே பாறைமேல் ரத்தம் சிந்தினார்கள். அந்தப் பாறையைக்கூடப் பார்த்திராதவன் இரண்டு பேரின் சம்பாத்தியத்தையும் எடுத்துக்கொண்டான். என் கோபம் அவன்மேல். அவனுக்கு நாற்காலி போடுகிறவர்கள்மேலும்.

2018 பிப்ரவரி 18. கடப்பா மாவட்டம் ஒண்டிமிட்டா ஏரியில் ஐந்து பிணம் மிதந்தது. சேலம் மாவட்டம் கருமந்துறைப் பக்கத்துக்காரர்கள். மாநிலம் பிரிந்த பிறகு ஆந்திர அரசு சீதாராமர் கல்யாணத்தை அரசு விழாவாக நடத்துவது இதே ஒண்டிமிட்டாவில்தான். முத்தும் பட்டும் மேளதாளத்தோடு வரும். ஐந்து பேரும் ஓடும்போது ஏரியில் விழுந்திருக்கலாம் என்றார்கள். ஐந்து பேரும். ஒரே ஏரியில்.

இப்போது ஏணியின் மேல்படி. செம்மரக் கடத்தலில் போலீஸ் தேடிய பெரிய பெயர்களில் கொல்லம் கங்கிரெட்டி ஒருவர். மொரிஷியஸ் வரை போய்விட்டார். பன்னாட்டுக் காகிதங்கள் எல்லாம் முறைப்படி பரிமாறி, 2015 நவம்பரில் விமானத்தில் அழைத்துவந்தார்கள். சட்டம் தன் கடமையை மரியாதையோடு செய்தது. நல்லதுதான். அவரை யாரும் பஸ்ஸிலிருந்து இறக்கவில்லை.

சரக்கு எப்படிப் போகிறது? 2022-இல் குஜராத்தின் முந்த்ரா துறைமுகத்தில் ஒரு சரக்குப் பெட்டகத்தை வருவாய்ப் புலனாய்வுத் துறை திறந்து பார்த்தது. சார்ஜாவுக்குப் போகிற சரக்கு. காகிதத்தில் ‘பலவகைக் குளியலறைப் பொருட்கள்’. உள்ளே பத்து டன்னுக்கு மேல் செம்மரம். சேஷாசலத்திலிருந்து முந்த்ரா ஒன்றும் பக்கத்துத் தெரு இல்லை. மூன்று நான்கு மாநிலம், எத்தனையோ செக்போஸ்ட், எத்தனையோ டோல்கேட். அத்தனை பேரும் சோப்பும் சீப்பும் என்று நம்பியிருக்கிறார்கள். திருப்பதி பஸ் நிலையத்தில் அழுக்கு லுங்கியும் தமிழ்ப் பேச்சுமாக ஒருவன் இறங்கினால் மோப்பம் பிடிக்கிற மூக்குக்கு, பத்து டன் கட்டை மட்டும் ஷாம்பு வாசனை அடித்திருக்கிறது.

நம்மை மட்டும் விட்டுவிட முடியாது. வெட்டப் போகிறவன் தமிழன். அவனை ஏற்றி அனுப்புகிற மேஸ்திரி தமிழன். சரக்கு வந்து இறங்குகிற கிடங்குகளில் எத்தனையோ சென்னைக்கு வடக்கே, மாதவரத்திலும் செங்குன்றத்திலும் பிடிபட்டவை. தமிழன் செத்தான் என்று சுவரெல்லாம் போஸ்டர் ஒட்டினார்கள். தமிழன் அனுப்பினான் என்று ஒரு போஸ்டரும் இல்லை. ஒரு வாரம் ஆந்திர பஸ்மேல் கல் விழுந்தது. எட்டாம் நாள் மேஸ்திரி மறுபடி மலையேறினான். மலையில் வேலை கொடுக்க வேண்டிய அரசு விழிப்புணர்வு கொடுத்தது. ‘ஆந்திராவுக்கு மரம் வெட்டப் போகாதீர்’. சரி, போகவில்லை. எங்கே போவது? துண்டறிக்கையின் பின்பக்கம் வெள்ளையாக இருந்தது.

1960 ஏப்ரல் 1 அன்று படாஸ்கர் தீர்ப்பின்படி திருத்தணி சித்தூரிலிருந்து நம்மிடம் வந்தது. அதற்காகப் போராடினோம், ம.பொ.சி.யைக் கொண்டாடினோம். ஊரைப் பங்கு போட்டுக்கொண்ட இரண்டு மாநிலமும் இன்று வரை ஒன்றை மட்டும் பங்கு போடவில்லை. பொறுப்பை. சுட்டது அவர்கள் என்கிறது ஒரு கரை. அனுப்பியது அவர்கள் என்கிறது மறு கரை.

இடையில் சினிமா வந்தது. 2021 டிசம்பரில் ‘புஷ்பா’. சேஷாசலத்தில் செம்மரம் வெட்டும் கூலி ஒருவன் கடத்தல் ராஜாவாகிறான். சித்தூர்த் தெலுங்கு பேசுகிறான். பால் வண்டிக்குள் கட்டை வைக்கிறான். தாடியைத் தடவி, தலை வணங்க மாட்டேன் என்கிறான். தேசமே விசில் அடித்தது. அல்லு அர்ஜுனுக்குச் சிறந்த நடிகருக்கான தேசிய விருது 2023-இல் அறிவிக்கப்பட்டது. தெலுங்கு நடிகர் ஒருவர் அதை வாங்குவது அதுவே முதல் முறை. நடிப்புக்குக் கொடுத்தார்கள். நன்றாகத்தான் நடித்திருந்தார். ஆனாலும் மனசு ஒரு கணக்குப் போடுகிறது. செம்மரம் வெட்டுவதுபோல் நடித்தவனுக்கு தில்லியில் பதக்கம். வெட்டப் போனதாகச் சொல்லப்பட்டவனுக்குச் சந்திரகிரியில் தோட்டா. இரண்டும் அரசாங்கம் கொடுத்ததே.

2024-இல் ஆந்திராவின் வனத்துறை நடிகர் பவன் கல்யாணிடம் வந்தது. துணை முதல்வரும் அவரே. அந்தக் காலத்தில் கதாநாயகன் காட்டைக் காப்பாற்றினான், இந்தக் காலத்தில் காட்டை வெட்டிக் கடத்துகிறான் என்று பெங்களூரில் வருத்தப்பட்டார். யாரைச் சொன்னார் என்று ரசிகர்கள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். உறவு வட்டத்துக்குள்ளேயே ஒருவர் திரையில் கடத்தல்காரர், ஒருவர் தரையில் வன அமைச்சர். குடும்பத்தொழில் என்றால் இதுதான், சகல துறைகளும் கைவசம்.

2025 நவம்பரில் அவர் திருப்பதியை ஒட்டிய மங்களத்தில் உள்ள செம்மரக் கிடங்குக்குப் போனார். அடுக்கிவைத்த கட்டைகளைத் தரம் தரமாகப் பார்த்தார். கடத்தல்காரர்களை எச்சரித்தார். ஒவ்வொரு கட்டைக்கும் பார்கோடு ஒட்டி, விற்றுமுடியும் வரை அது எங்கே இருக்கிறது என்று கண்காணிப்பது பற்றிப் பேச்சு நடந்தது. வரவேற்கிறோம். ஒரு கட்டைகூடத் தொலையக் கூடாது. எடை, நீளம், சுற்றளவு, தரம், பிடிபட்ட தேதி, வழக்கு எண், கிடங்கு எண், வரிசை எண். அத்தனையும் ஏட்டில் இருக்கும். கண்காணிப்புக் கேமரா இருக்கும். அதைச் சுமந்து வந்தவனைப் பற்றி அந்த ஏட்டில் ஒரே ஒரு வார்த்தைதான் இருக்கும்: ‘மற்றும் பலர்’.

கிடங்கு வாசல்களிலும் வனச்சரக அலுவலகங்களிலும் பறிமுதல் வண்டிகள் நிற்கும். கார், வேன், லாரி, டயர் மண்ணுக்குள் இறங்கி, கண்ணாடிக்குள் செடி முளைத்து. கட்டைக்கு மட்டும்தான் அவசரம். வண்டிக்கு இல்லை, வழக்குக்கு இல்லை.

ஆகவே எரிச்சலை விட்டு, பொறுப்புள்ள குடிமக்களாக நாமும் ஆலோசனை சொல்வோம். ஆட்டம் இப்படித்தான் நடக்கப்போகிறது என்றால் விதிகளை வெளிப்படையாக அச்சடித்துவிடுங்கள். காட்டுமரத்தை அரசு வெட்ட முடியாது, திருடன் வெட்டித்தர வேண்டும் என்கிற நிலையில், திருடன் அரசின் அங்கீகரிக்கப்படாத ஒப்பந்ததாரர். அங்கீகரித்துவிடுங்கள். மரவெட்டிக்கு வருங்கால வைப்பு நிதி பிடித்தம் செய்யுங்கள். இ.எஸ்.ஐ. அட்டை கொடுங்கள். முதுகில் பாய்ந்த குண்டுக்கு அதில் சிகிச்சை உண்டா என்பதையும் தெளிவுபடுத்துங்கள். மேஸ்திரிக்கு ஜி.எஸ்.டி. எண் கொடுங்கள். ‘பைலட்’ வண்டிக்குச் சுழல் விளக்கு கொடுங்கள், இப்போதும் சிலர் அந்த மிடுக்கில்தான் போகிறார்கள். சோப்பு, சீப்பு என்று எழுதிக் கட்டை அனுப்புகிறவருக்கு ஏற்றுமதி விருது கொடுங்கள்.

பயன்பகிர்வு என்று ஒன்றும் சட்டத்தில் இருக்கிறது. பல்லுயிர் வள வழிகாட்டு நெறிகளின்படி, செம்மரம் மாதிரி விலையுயர்ந்த வளத்தை ஏலம் விட்டால் அந்தத் தொகையில் 5 சதவீதத்துக்குக் குறையாமல் பயன்பகிர்வாகக் கட்ட வேண்டும். வளத்தைக் காத்த மக்களுக்குப் பலன் போய்ச் சேர வேண்டும் என்பது நோக்கம். உயர்ந்த நோக்கம். வளத்தைக் காத்தவர்கள் யார் என்று தேடும்போது ஸ்ரீவாரி மெட்டிலும் கொஞ்சம் தேடுங்கள். வெட்டியதாகச் சொல்லப்பட்டவர்கள், வெட்டவிடாமல் தடுத்துச் செத்தவர்கள், இரண்டு தரப்பின் விதவைகளும் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பார்கோடு இல்லாததால் கண்டுபிடிக்கச் சிரமமாக இருக்கலாம்.

அடுத்த ஏல அறிவிப்பு வரும். அரசு ஏலங்களில் வழக்கமான நிபந்தனை அதிலும் இருக்கும்: எங்கே இருக்கிறதோ அங்கேயே, எப்படி இருக்கிறதோ அப்படியே. வாங்குகிறவர் வந்து தட்டிப் பார்க்கலாம், அளந்து பார்க்கலாம், வெட்டு முனையில் தண்ணீர் தெளித்து நிறம் பார்க்கலாம். யார் வெட்டியது, யார் தூக்கியது, தூக்கியவன் வீடு போய்ச் சேர்ந்தானா என்று கேட்கலாமா என்பது பற்றி நிபந்தனைகளில் ஒன்றும் இல்லை. கேட்டால் முன்வைப்புத் தொகை பறிமுதல் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். பறிமுதல் செய்ததை எப்படி விற்பது என்று உங்களுக்கா சொல்லித்தர வேண்டும்?